மச்சினி நலம்தானே?

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம். நீ, உன் வீட்டுக்காரர், பெரியவன், குட்டி, நாலு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அத்தானின் அலுவலகப் பையில்தான் போகிறது. அங்கே யாராவது பிரித்துப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள். படிக்கிற ஐயாவுக்கு வணக்கம். இது குடும்பக் கடிதம். என்னிடம் இருக்கிற ஒரே ராணுவ ரகசியம் உங்கள் செயலரின் குறட்டைதான்.

அந்தக் குறட்டையும் இப்போது நின்றுவிட்டது. முன்பெல்லாம் கூரை அதிரும். இப்போது பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டுக்கு ஓர் அம்மா புதிதாகக் குடிவந்திருக்கிறாள். எல்லைப் பாதுகாப்புச் செயலர் என்றால் உங்கள் வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருப்பாரா என்று கேட்டாள். பேனாதான் வைத்திருக்கிறார், அதையும் தினம் தொலைக்கிறார் என்றேன். ஆற்றங்கரை நெடுக எங்கே எத்தனை படை நிற்க வேண்டும், அக்கரைக்காரர்களிடம் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது முறைக்க வேண்டும் என்று முடிவு செய்கிற மனிதர். வீட்டில் மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருப்பது தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தேடுவார்.

இரண்டு வாரமாக வீட்டுக்குள்ளேயே ஷூவோடு நடமாடுகிறார். தரை அழுக்காகிறதே என்று கத்தினால் காதில் விழுவதில்லை. காரை வாசலைப் பார்த்துத் திருப்பித்தான் நிறுத்த வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அறை ஜன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் துணி மாட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையிலிருந்து வரும் சிரிப்புச் சத்தமும் இல்லை.

அதெல்லாம் கிடக்கட்டும். எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். பக்கத்தில் இருக்க எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ கிளம்பி வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப்போகாது. உன் வீட்டுக்காரரையும் நீளமாக லீவு போடச் சொல். அவர் ஒருவர் இல்லாவிட்டால் பம்ப் ஹவுஸ் தண்ணீர் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கப் போவதில்லை. நகை, பிள்ளைகளின் சான்றிதழ், கனத்த துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொள். எதற்கு என்று கேட்டு எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. வா.

அன்புடன்,
அக்கா

*

தங்கமே,

மேலே இருக்கிற கடிதம் உனக்கு வந்து சேரவில்லை, இல்லையா? பையில் போட்ட மறுநாளே அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது இரண்டையும் சேர்த்து உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடு. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி.

கடிதத்தை மேசையில் வைத்தவர் உன் அத்தான்தான். இதை அனுப்ப முடியாது என்றார். குறட்டையைப் பற்றி எழுதியதுதான் மானப் பிரச்சினையாகிவிட்டதோ என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “உன் கண்ணுக்கு என்ன? நேத்து என் சட்டையில இருந்த மைக்கறையை வாசல்ல இருந்தே கண்டுபிடிச்சியே” என்றார். சரி, பொய்தான், அக்காவைப் பார்க்கத் தங்கை வந்தால் நாட்டுக்கு என்ன கேடு என்று கேட்டேன். “வான்னு எழுதியிருக்கியே, அதுதான் கேடு” என்றார்.

அப்புறம் உட்கார்ந்து சொன்னார். இத்தனை வருஷத்தில் அலுவலக விஷயம் ஒன்றைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அவருடைய அறையில் எண்களே இல்லாத ஒரு சாம்பல் நிறத் தொலைபேசி உண்டு. பெரியவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் தொட்டு அடி வாங்கினானே, அதுதான். வெள்ளிக்கிழமை காலையில் அதில் ஒருவர் பேசுவார். அக்கரையில் அத்தானுடைய அதே வேலையைப் பார்க்கிறவர். நான் அவரை ‘முட்டிவலிக்காரர்’ என்றுதான் சொல்வேன். மூடிய கதவு வழியாக எனக்குக் கேட்டதெல்லாம் முட்டிவலி, சர்க்கரை, தூக்கமின்மை, அப்புறம் பெரிய சிரிப்பு. இரண்டு பேரும் நாட்டை மறந்து வைத்தியம் பேசுகிறார்கள் என்று நான் கேலி செய்வேன்.

அவர்கள் பேசியதில் வைத்தியம் பாதிதான். ஆற்றின் மேல் குண்டு பறந்த அந்த வருஷம் இரண்டு பேரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களாம். முட்டிவலிக்காரரின் மகள் உங்கள் ஊருக்கு நேர் எதிரே அக்கரைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். “என் பொண்ணு அங்க இருக்கிற வரைக்கும் நாங்க சுடமாட்டோம். உங்க பக்கம் யாரு இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தான் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் உன் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வும் அந்த ஊருக்கு மாற்றலும் வந்தன.

புரிகிறதா, தங்கம்? யாருக்கும் சிபாரிசு செய்யாத மனுஷர் நமக்காக வாயைத் திறந்தாரே என்று நாம் எப்படிப் பூரித்துப் போனோம்! நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் எதிரே நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் ஏன் சாப்பிடாமல் எழுந்து போனார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அன்றிலிருந்து வாராவாரம் வைத்தியப் பேச்சு முடிந்ததும் இவர், “மகள் நலம்தானே?” என்று கேட்பார். அவர், “மச்சினி நலம்தானே?” என்று கேட்பார். நலம் என்று இரண்டு பேரும் சொன்னால் இன்னொரு வாரம் ஆற்றில் படகு போகும். நீ துணி உலர்த்துவதையும் குட்டி கரையில் விளையாடுவதையும் அக்கரையில் ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நம் ஆள் ஒருவனும் அந்த டீச்சரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னை அடகு வைத்துவிட்டு, நீ நல்லபடியாக வாழ்கிறாய் என்று இங்கே நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேள். அந்த டீச்சரம்மா இப்போது அங்கே இல்லை. போன மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு முட்டிவலிக்காரர் தொலைபேசிக்கு வரவில்லை. வேறு ஒருவன் எடுக்கிறான். சின்ன வயசுக் குரலாம், மிகவும் மரியாதையாகப் பேசுகிறானாம். ஐயா விடுப்பில் இருக்கிறார் என்றானாம். வைக்கப் போகும்போது அவனாகவே, “உங்க மச்சினி இன்னும் அங்கதானே இருக்காங்க?” என்று கேட்டிருக்கிறான்.

அவனுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம், கரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக்கூட எதற்கென்று சொன்னதில்லையாம். முட்டிவலிக்காரர் தானாகச் சொன்னாரா, சொல்ல வைத்தார்களா? அத்தானிடம் கேட்டேன். கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் உடனே அவளை வரச்சொல்லுங்கள் என்று கத்தினேன். கூடாது என்றார். நீ கிளம்பினால், நாம் அடிக்கத் தயாராகிவிட்டோம் என்று அக்கரைக்காரர்கள் நினைப்பார்களாம். முந்திக்கொண்டு அவர்களே அடிப்பார்களாம். நீ அங்கேயே இருந்தால் பேசிப் பார்க்க இன்னும் சில நாள் கிடைக்குமாம். அவள் உங்கள் கூடப் பிறந்தவளாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அப்பவும் இதைத்தான் செஞ்சிருப்பேன்” என்றார். அவர் அப்படித்தான் செய்திருப்பார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவர் என்றால் சண்டை போட்டுக் கெஞ்சி அழுது எப்படியாவது மனசை மாற்றிவிடலாம். இவரிடம் அது நடக்காது.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த டீச்சரம்மாவின் அப்பாவுக்கு அது தெரியும், அவர் மகளை அங்கிருந்து கிளப்பிவிட்டார். எனக்கு அது போதும்.

அதனால் கிளம்பு. பெட்டி கட்ட உட்காராதே. உன் வீட்டுக்காரர் வேலை, கடமை என்று ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. ஆனால் திருட்டுத்தனமாக நீங்கள் மட்டும் போய்விடாதீர்கள். உன் தெருவில், குட்டியின் பள்ளிக்கூடத்தில், படகுத்துறையில், யார் யார் முகம் உனக்கு ஞாபகம் வருகிறதோ எல்லோரிடமும் சொல்லு. செயலர் பெண்டாட்டி எழுதியிருக்கிறாள் என்றே சொல்லு. எனக்கு என்ன ஆகும் என்று பார்க்காதே. குண்டு விழத்தான் போகிறது என்றால் அது காலி வீட்டின் மேல் விழட்டும். உன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் அப்புறம் நானும் அவரும் ஒன்றுதான்.

மேற்கே போங்கள். ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள். பிள்ளைகளின் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். பெரியவனிடம் பெரியம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள் என்று சொல், வெட்கப்பட்டாலும் விடாதே. எங்கே போனாலும் நன்றாக இருங்கள், தீர்க்காயுசாக இருங்கள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எங்கள் வீட்டுக்கு வராதே. நீ வந்தால் உன் அத்தான் உன்னை அன்பாக உட்காரவைத்துப் பேசி, வாசலில் நிற்கிற காரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். இனிமேல் என் பெயரில் உனக்குக் கடிதம் வரலாம். என் குரலிலேயே போன் வரலாம். நானே கூப்பிட்டாலும் வராதே.

உன்
அக்கா