கல் கைபேசியின் மணி

மார்ச் 4, இரவு

இன்று ஒரு கல்லுக்கு "ஹலோ" சொல்லிவிட்டேன்.

அருங்காட்சியகத்தில் வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் ஒரு சிற்பம். கரிய கல்லில் வேட்டைக்காரன். ஒரு கையில் ஈட்டி, மறு கையில் காதோடு ஒட்டிய கைபேசி. சாவுச் செய்தி கேட்பவனின் முகம். நான் குனிந்தபோது அந்தக் கல் கைபேசி மணியடித்தது. அப்போது இங்கே பகல், யாழ்ப்பாணத்தில் நடுச்சாமம்; அக்கா ஆஸ்பத்திரியில். அந்த நேரத்து அழைப்புக்கு ஒரே அர்த்தம்தான். பயத்தில் வாய் முந்திவிட்டது.

"ஆரோட கதைக்கிறியள்? உங்கட போன் வீட்டில சார்ஜில கிடக்கு," என்று மனைவி கத்தினாள். இந்நேரம் பக்கத்து ஊரான புரோசார்ட்டில் இருக்கும் அவள் தங்கச்சிக்குக் கதை போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அதே நேரத்தில் அக்காவின் மிஸ்ட் கோல். பதறி, ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்துத் திருப்பி எடுத்தேன்.

"கை பட்டிட்டுது தம்பி. நான் சுகமா இருக்கிறன்."

நிம்மதியோடு கைபேசியைத் திரும்பச் சார்ஜில் போடப்போனேன். பக்கத்திலேயே, காலையில் மாட்ட மறந்த என் காதுக்கருவி கிடந்தது. அது இல்லாமல் எனக்கு எந்த மணியும் கேட்காது.