ஆயுளுக்கும் இலவச சர்வீஸ்

ஜூன் 3, செவ்வாய்
காலையில் கடை திறந்ததுமே மச்சினன் சொல்லிவிட்டான். மகள் இருக்கும் ஊருக்கே குடிபோகிறானாம். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது, என் பாதிப் பங்கைப் பிரிச்சுக் கொடுங்க அத்தான் என்றான், டீ சொல்லவா என்று கேட்கிற குரலில். தையல் மெஷின் கடை. நான் விற்க, அவன் ரிப்பேர் பார்க்க, இருபத்திரண்டு வருஷம். நான் கல்லாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்
கடையை மதிப்புப் போட ஆடிட்டர் ஒரு அம்மாவை அனுப்பியிருந்தார். பழசு வாங்கி விற்றே முன்னுக்கு வந்தவன் நான்; எனக்கே விலை சொல்ல ஆளா?

அந்தம்மா வாங்கின விலையைக் கேட்கவில்லை. கட்டடத்துக்கு நான் பட்ட பாட்டையும் கேட்கவில்லை. அவசரமில்லாமல் விற்கிறவனும் விவரம் தெரிந்து வாங்குகிறவனும் இன்றைக்குப் பேசினால் எந்த விலைக்குப் படியுமோ, அதுதான் நியாய மதிப்பாம். பக்கத்துக் கட்டடம் போன மாசம் கைமாறிய விலையைக்கூட விசாரித்து வைத்திருந்தார். கெட்டிக்காரிதான்.

பில் புத்தகத்தைப் புரட்டியவர் நின்றார். ஒவ்வொன்றின் அடியிலும் என் கிறுக்கல்: ஆயுளுக்கும் இலவச சர்வீஸ். எத்தனை பேருக்கு என்றார். அறுநூற்றுச் சொச்சம்.

"இதுவும் கடன்தான் சார்."

சிரித்துவிட்டேன். இதுவரை சல்லிக்காசு செலவானதில்லையே அம்மா என்றேன்.

ஜூன் 9, திங்கள்
அந்த இலவச சர்வீஸ் பொறுப்பை வேறொருத்தர் தலையில் ஏற்றினால் அவர் எவ்வளவு கேட்பார் – அதுதான் அந்தக் கடனின் மதிப்பு என்றார் அந்தம்மா. இரண்டு மெக்கானிக்குகளை விசாரித்தோம். ஒருவன், கடையையே எழுதிக் கொடுத்தாலும் வேணாம்ணே என்றான். இன்னொருவன் சொன்ன தொகை கடை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு.

மச்சினன் பார்த்தபோது இவ்வளவு ஆகலையே என்றேன். வாங்குகிறவருக்கு உங்க மச்சினர் கிடைக்க மாட்டாரே சார் என்றார்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில் தலை சுற்றியது. அப்புறம் உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். கடை மதிப்பு இறங்கினால், நான் அவனுக்குத் தர வேண்டியதும் இறங்கும்.

ஜூன் 10, செவ்வாய்
முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்றாள் வீட்டுக்காரி. வெயில் என்றேன். அவள் தம்பி ஆயிற்றே.

ஜூன் 12, வியாழன்
மச்சினனிடம் மதிப்பீட்டைக் கொடுத்தேன். படித்தான். "சரியாத்தான் இருக்கு அத்தான். எங்க கையெழுத்துப் போடணும்?"

பாவி, சண்டையாவது போடக் கூடாதா? படித்துவிட்டு, யாரோ தையல்காரியின் பழைய மெஷினைக் கவிழ்த்து எண்ணெய் விடப் போய்விட்டான். எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

சல்லிக்காசு செலவாகலன்னு பெருமை அடிச்சேனே – செலவாகாமலா இருந்துச்சு? அவன் முதுகுல செலவாச்சு. நான்தான் பார்க்கல. ஞாயித்துக்கிழமைகூட வந்து உட்காருவான். அந்த வாக்கைக் கொடுக்கறதுக்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை கேட்டேனா? மெஷின் விக்கணும், பேனாவை எடுத்தேன், கிறுக்கினேன். இப்ப அதையே காட்டி அவன் பங்கைக் குறைக்கிறேன். நல்ல வியாபாரி நான்.

ஜூன் 16, திங்கள்
மச்சினன் பங்கு குறையாமல், அந்தக் கடன் முழுவதையும் என் பக்கம் தள்ளச் சொன்னேன். அந்தம்மா தலையாட்டவில்லை. கடை மதிப்பு அதேதான் சார், அதை யார் சுமக்கிறதுங்கறது நீங்க ரெண்டு பேரும் பேசி எழுதிக்கறது என்றார். அப்படியே எழுதி நீட்டினேன்.

மச்சினன் இரண்டு முறை படித்தான். "அக்கா சொல்லிக் கொடுத்தாளா?"

"உங்க அக்காவுக்கு இன்னும் தெரியாது. வாயை மூடிக்கிட்டுப் போடுடா."

பேனா எழுதலை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேனா நன்றாகத்தான் எழுதியது.

ஜூலை 2, புதன்
ஒரு தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், நூல் அறுகிறதாம். நானே பிரித்தேன். திரும்பப் பூட்டினால் இரண்டு ஸ்க்ரூ மிச்சம். மச்சினனுக்குப் போன் போட்டேன். சிரித்து முடித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னான். மூன்றாவது தடவை ஓடியது.

சரி, வைக்கட்டுமா என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க அத்தான்."

மெஷினைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பேசிக்கொண்டிருந்தோம்.