முகம் வைக்காத ஷோகேஸ்

இன்று மத்தியானம் உன் பவுடர் டின்னைத் திறந்தேன். கண்ணாடி மேசை லாச்சிக்குள், சீப்புகளுக்கும் ஊசிப் பெட்டிக்கும் பின்னால், நீ வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பியதும் அந்த ரோஜா வாசம் குப்பென்று வந்தது. திரைக்குப் பின்னால் நீ நின்று லைட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு கணம் நம்பியே விட்டேன். நீ கண்ணை மூடிப் பதினொரு மாதமாகிறது.

டின்னைத் தேடியதற்குக் காரணம் உண்டு. நாலு மணிக்கு ஒரு தாயும் மகளும் ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். எனக்கு இப்போதே நெற்றி வேர்க்கிறது. நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். அதை அவர்களிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று தெரியவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

படம் எடுக்க வந்து பயந்துபோய் ஸ்டூலில் உட்காருகிறவர்களின் நெற்றியை நீ இந்தப் பவுடரால்தான் ஒற்றி எடுப்பாய். "பயம் உள்ளுக்கை இருக்கட்டும் பிள்ளை, நெத்தியிலை தெரியக் கூடாது" என்பாய். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு முடிந்து முகம் இறங்கும் நேரம் பார்த்து நீ படத்தை எடுத்துவிடுவாய். நான் பின்னறையில் கணினிக்கு முன்னால் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு மனிதர்களை விட அவர்களின் படங்களோடு இருப்பது சுகமாக இருந்தது. முகச்சுருக்கத்தை எங்கே விடுவது, எங்கே குறைப்பது என்று எனக்குத் தெரியும். முன்னால் வந்து ஒருவரிடம் "இருங்கோ" என்று சொல்ல மட்டும் எனக்கு வராது.

பயந்தாங்கொள்ளி என்று நீ எனக்குப் பெயரே வைத்திருந்தாய். ஆனால் என் பயத்தை நீ ஒருநாளும் தள்ளிவிட்டதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை வேதக் கோயிலுக்குப் போகும்போது, நான் சைவக்காரி என்றும் பாராமல், என் பயத்துக்கென்று தனியாக ஒரு மெழுகுதிரி கொளுத்துவாய். ஒருமுறை வாடகை வீட்டுக்காரர் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லப் போகிறார் என்று நான் அழுதபோது, "பயம் வந்தா எனக்குச் சொல்லு. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயப்படுவம்" என்றாய். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது வேறு கதை.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் சம்பளத்துக்கு வேலை செய்த அந்தப் பழைய ஸ்டூடியோவை நினைத்துப் பார்க்கிறேன். வாசலில் பெரிய ஷோகேஸ். நல்லாக வந்த படங்களை, வந்தவர்களைக் கேட்காமலே, பெரிதாக்கி அதற்குள் வைப்பது முதலாளியின் வழக்கம். எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான் வழக்கம். ஒருநாள் ஒரு பெண்ணின் அண்ணன் வந்து, "ரோட்டால போற எல்லாரும் என் தங்கச்சியைப் பார்க்கிறதுக்கா படம் எடுத்தது?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. தங்கச்சி அவருக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, எங்களைப் பார்க்காமல் நின்றாள். முதலாளி, வடிவாக இருந்ததால்தானே வைத்தேன் என்றார். படத்தில் முகத்தில் பாதிகூடத் தெரியவில்லையே என்றும் சொன்னார். அன்று பின்னேரம் பஸ்ஸில் நீ எனக்குச் சொன்னது இது: "முடியும் முகம்தான். கையும் முகம்தான். அந்தப் பிள்ளைக்கு எது முகமெண்டு அவதான் சொல்லோணும்."

அடுத்த வருடமே வெள்ளவத்தையில், புடவைக் கடைக்கு மேலே இந்த இடத்தை எடுத்தோம். பெண்களுக்கு மட்டும் என்று போர்ட் போட்டோம். படம் எடுப்பதும் பெண், திருத்துவதும் பெண். கூட வந்த ஆண்கள் கீழே தேத்தண்ணீர்க் கடையில்தான் காத்திருக்க வேண்டும். படிக்கட்டின் அடியில் எங்களுக்கும் ஒரு ஷோகேஸ் கிடைத்தது. அதற்குள் நீ ஒரு மணிபிளான்ட் போத்தலை மட்டும் வைத்தாய். கீழ்க்கடைக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, படமே இல்லாமல் இது என்ன படக்கடை, செடி விற்கிறீர்களா என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான். எங்கள் வேலை நல்லதென்று யாருக்கு எப்படித் தெரியப்போகிறது? நீயோ, வந்துபோன பெண்களின் வாய் போதும் என்று ஒரே பிடியாக நின்றாய்.

அந்த வாய் போதுமாகத்தான் இருந்தது. கணவனுக்கு மட்டும் கொடுப்பதற்கென்று முடியை அவிழ்த்துவிட்டு ஒரு படம் எடுக்க வந்த மணப்பெண்ணை மறக்க முடியுமா? மருந்தில் முடி கொட்டிப்போன ரீச்சர் ஒருவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "இப்பிடியே எடுங்கோ" என்றாரே. எல்லாவற்றுக்கும் மேலே உன் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. அச்சுப் படங்களை வாங்க வருகிற நாளில், கணினியில் இருக்கும் படங்களை அவரவரே தன் விரலால் அழிக்க வேண்டும். நாங்கள் அழித்துவிட்டோம் என்று சொன்னால் போதாது. அந்த ஒரு அழுத்தலுக்காகவே மாளிகாவத்தையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் எங்களைத் தேடி வந்தார்கள். நல்ல கெமரா கொழும்பில் எல்லாரிடமும் இருந்தது. இது எங்களிடம் மட்டும் இருந்தது.

நீ போன பிறகு நான் முன்னறைக்கு வந்தேன். வேறு வழி இல்லை. என் குரல் நடுங்குவதைக் கேட்டு, ஸ்டூலில் இருப்பவர்கள் என்னைத் தேற்றினார்கள். அதோடு காலி வரைக்கும் போகிற இந்தக் காலி வீதியும் மாறிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் புது ஸ்டூடியோ ஒன்று. வாசலில் பெரிய திரை, காலையிலிருந்து அதில் முகங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வருகிற ஒன்றிரண்டு பிள்ளைகளும் போனில் தாங்களே எடுத்து மினுக்கிய படத்தைக் காட்டி, இதைப் போல வரவேண்டும் என்கிறார்கள். சில வாரங்களில் பெல் ஒருதரமும் அடிப்பதில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பேன். அது கீழ்க்கடையின் பெட்டி தூக்குகிறவராக இருக்கும்.

என் அக்காவின் மகள்தான் இணையத்தில் ஒரு பேஜ் தொடங்கித் தந்தாள். "சின்னம்மா, ஒரு படமும் காட்டாமல் ஆர் வருவினம்?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். படத்தைத் தெரிந்தெடுத்தவள் நான்.

நிச்சயம் செய்த பெண் ஒருத்தி, இன்று நாலு மணிக்கு வரப்போகிறவள். மாப்பிள்ளைக்குக் கொடுக்க எடுத்த படங்களில், ஜன்னல் பக்கம் திரும்பி, இடுப்பு வரை முடியை விட்டு, ஒரு கையைக் கம்பியில் வைத்து நிற்கிறாள். முகம் துளியும் தெரியாது. உன்னுடைய ஒளி அதில் எனக்கு வந்திருந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. அவர்கள் இன்னும் அழிக்க வரவில்லை, படம் கணினியில் இருந்தது. முகம்தான் இல்லையே என்று ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டேன். பழைய முதலாளி சொன்ன அதே நியாயம். இத்தனை வருடம் உன் பக்கத்தில் இருந்துவிட்டு, அதையே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எத்தனையோ பேர் பார்த்தார்கள். மூன்று பேர் விசாரித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள், இந்த மணிக்கட்டுத் தழும்பு தனக்குத் தெரியும், இது இன்னார் வீட்டு மகள்தானே, மாஷா அல்லாஹ் வடிவாக இருக்கிறாள் என்று. அன்பாகத்தான் எழுதியிருந்தாள். அவள் எழுதியதைப் போனில் படம்பிடித்து வைத்துக்கொண்டு, உடனே படத்தை நீக்கினேன், பேஜையும் மூடினேன். ஆனால் இரண்டு நாள், எடி. யார் யார் போனில் அது இப்போது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எழுதின அந்தப் பெண் யார், அவள் யாரிடம் கதைப்பாள்?

நான் பேசாமல் இருந்தால் அந்தப் பிள்ளை வந்து, தன் விரலால் அழித்துவிட்டு, எல்லாம் போய்விட்டதென்று நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். ஒருவேளை எதுவுமே நடக்காது. சொன்னால், எங்களை வளர்த்த அதே வாய்களால் இந்த இடம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு பயம்.

மூன்று ஐம்பது. யாரோ படியேறுகிறார்கள்.

இப்போது ஐந்தரை. அவர்கள் போய்விட்டார்கள்.

படங்களைப் பார்த்துத் தாய் பூரித்துப்போனார். மகள் வழக்கப்படி கணினிக்கு முன்னால் உட்கார்ந்து விரலை நீட்டினாள். "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை. அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்லோணும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஞாயிறு முதல் செவ்வாய் வரை நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், அந்தப் பெண் எழுதியதையும் காட்டினேன்.

தாய் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"நாங்க ஒங்கள நம்பித்தானே வந்தோம், மிஸ். சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுதானே. ஏன் சொன்னீங்க?"

"இது தெரியவாற நாளிலை நீங்கள் தனியா நிப்பியள்" என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடியே, "முகம் தெரியாதுதானேன்னு நினைச்சீங்களா ஆன்ட்டி? என் முடிய உம்மாவும் தங்கச்சியும் மட்டும்தான் பாத்திருக்காங்க" என்றாள். பிறகு ஒவ்வொரு படமாக, அவசரப்படாமல், அழித்தாள். அந்த ஜன்னல் படம் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் அச்சுப் படத்தையும் உறையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படியில் இறங்கப் போன தாய் நின்றார். மாப்பிள்ளை வீடு கொட்டாஞ்சேனையில். வேறு யாரும் போய்ச் சொல்லுமுன் தானே சொல்லிவிட வேண்டும், நாளைக் காலையே போகப் போவதாகச் சொன்னார். அவருடைய நெற்றியும் வேர்த்திருந்தது.

"நீங்களும் வாங்க, மிஸ். ஒங்க வாயால சொல்லுங்க. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

வருகிறேன் என்றேன்.

சம்பந்தம் நிற்குமா, முறியுமா தெரியாது. முறிந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியாது. இந்த இடம் இருக்குமா என்பது இப்போது அதற்குப் பிறகுதான். கீழே போய் ஷோகேஸைப் பார்த்தேன். உன் மணிபிளான்ட் கண்ணாடி முழுக்கப் படர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத் திரையின் முகங்கள் அதில் விழுந்து விழுந்து போகின்றன. போத்தலுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு மேலே வந்தேன்.

நாளைக்கு நீயும் நானும் தினமும் போய்வந்த அதே பஸ்ஸில், அந்தத் தாயோடு கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து பயப்படப் போகிறோம். இதை நீ எனக்கு விட்டுப்போனாய், நான் வைத்திருக்கிறேன். டின்னை மட்டும் மூடி, லாச்சிக்குள் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு எனக்குப் பவுடர் வேண்டாம். அந்த வீட்டு ஆட்கள் என் நெற்றியைப் பார்க்கட்டும்.