கை தூக்கினால் கேட்கிறது

புரட்டாசி 9, வியாழன்.

கல்வராயன் மலையில் இன்றும் போன் செயலியில் காது பரிசோதனை; ஹெட்போனில் ஒலி போகும்போதெல்லாம் என் திரையில் காட்டும். ஹெட்போன் மாட்டி எதிரே உட்கார்ந்த சின்னப்பொண்ணு, ஒவ்வொரு ஒலிக்கும் சரியாகக் கை தூக்கினாள். 'கேட்கிறது' என்று எழுதினேன். எழுந்து போனவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. மறுபடி அழைத்து வந்து, சுவரைப் பார்த்து உட்காரவைத்துச் சோதித்தேன். ஒரு தடவைகூடக் கை எழவில்லை.

வாயசைவு தெரியும்படி முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்: "மொதல்ல மட்டும் எப்பிடிம்மா தூக்குன?"

"போனப் பாத்துக்கினே இருந்தீங்க. அப்பப்ப ஒங்க புருவம் ஏறுச்சிங்க. அப்ப தூக்கணும்னு நெனச்சிக்கினேன்."

நாளெல்லாம் மலையில் நடந்த கால் வலிக்கிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. இந்த வாரம் 'கேட்கிறது' என்று நான் எழுதிய அத்தனை பேரும் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள்.