தேன்மொழியின் இடம்

தேன்மொழியின் அம்மாவுக்கு,

மகளையும் கூட்டிக்கொண்டு பெருமுக்கலில் உன் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாயே, அது தப்பு. நான் குடித்துவிட்டு வந்து போடும் சத்தத்தை அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னது அதைவிடத் தப்பு.

காலையில் பாடம் நடத்தாமல், பதினைந்து பதினைந்து பிள்ளைகளாக ஒரு டீச்சரோடு உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்களாம். வீட்டுக் கதை பேசவா பள்ளிக்கூடம்? சண்டை போடத்தான் போன வாரம் போனேன்.

மரத்தடியில் வட்டமாக இருந்தார்கள். ஓர் இடம் மட்டும் காலி. உட்கார்ந்தேன்.

"தாத்தா, அது தேனு எடம்," என்றது ஒரு பெண்.

"நான் தாத்தா இல்ல, அவ அப்பன்."

"அப்பான்னாலும் எழுந்திருங்க. இப்படி என் பக்கத்துல வாங்க."

எழுந்துவிட்டேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

உப்பளத்தில் நான் ஒருநாள் போகாவிட்டால் என் பலகையால் வேறொருவன் உப்பு வாருவான். இரண்டாயிரம் பேர் படிக்கிற பள்ளியில், வராத பெண்ணுக்கு இத்தனை நாளாக இடம் விட்டிருக்கிறார்கள்.

தப்பு என்று நான் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து கடைப் பக்கம் போகவில்லை. உனக்காக என்று நினைக்காதே. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவேண்டும், கூட்டிக்கொண்டு வா.

வீட்டில் நீங்கள் இருவரும் படுக்கும் இடத்தில் நானும் எதையும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
அவள் அப்பன்