பழையது யாருக்கு, அத்தை?

என்னைக் கைப்பிடித்து இந்த வீட்டுக்குள் கூட்டி வந்த என் அத்தைக்கு, அதே அடுப்படியில் உட்கார்ந்து பாவாயி எழுதிக்கொள்வது.

நீங்கள் போனபிறகு இது மூன்றாவது தை நோம்பி. இந்தக் கடுதாசி உங்களுக்கு எப்படி வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது. மலைக்கு வந்து ஒரு வருஷம் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு, குளிர் தாங்காமல் இறங்கிப் போனாரே ஒரு வாத்தியார், அவர் மணலில் எழுதிப் பழக்கிய எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் உங்களிடம் எவ்வளவோ பொறுத்திருக்கிறேன்.

எனக்கு நோய் ஒன்றுமில்லை. அலுப்புதான். காட்டு வேலையில் வந்த அலுப்பு என்றால் படுத்தால் போய்விடும். இது சண்டை கேட்டுக் கேட்டு வந்த அலுப்பு. படுத்தால் கூடவே படுத்துக்கொள்கிறது. என்ன சண்டை என்கிறீர்களா? நீங்கள் வைத்துவிட்டுப் போன சண்டைதான். சட்டியில் மிஞ்சின சோற்றை என்ன செய்வது?

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு உப்பு வாங்கப் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், கடல் தாண்டி நடக்கிற யுத்தத்தால் கீழ்நாட்டில் அரிசிக்கு வரிசை கட்டி நிற்கிறார்களாம். இங்கே மலைமேல், சோறு மிஞ்சினதற்காக ஒரு வீடு இரண்டாகப் பார்த்தது. சிரிக்காதீர்கள்.

உங்கள் சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. ராத்திரி படுக்கும்போது சட்டி வெறுமையாக இருக்கக் கூடாது, யாராவது வந்தால் கொடுக்க இருக்க வேண்டும். அதனால் ஆட்களுக்கு வேண்டியதற்கு மேலே எப்போதும் கொஞ்சம் கூட ஆக்க வேண்டும். ஆக்கினது வாசல் தாண்டக் கூடாது, மாட்டுக்கும் நாய்க்கும் கொட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, விடிந்ததும் அதைத் தின்ன வேண்டியவள் வீட்டுக்குக் கடைசியாக வாழ வந்த மருமகள். மற்றவர்களுக்கெல்லாம் சுடு களி.

ராத்திரி யார் வந்தார்கள், அத்தை? நான் இங்கே வாழ்ந்த காலம் முழுக்க, அந்தச் சோற்றைத் தேடிக்கொண்டு இருட்டில் வந்தவர் ஒருவராவது உண்டா? எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லை என்றால் யாரும் வரவில்லை என்றுதான் அர்த்தம். அது உங்களுக்கே தெரியும்.

ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். மூத்தவன் அரப்பளி அப்போது கைக்குழந்தை. ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. உங்கள் மகள் வந்திருந்தாள். அவளுக்கு ஆவி பறக்கச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். எனக்குப் பானையிலிருந்து பிழிந்து வைத்த பழையது. விரல் மரத்துப்போய்ச் சோறு கைக்குள் நிற்கவில்லை.

"பச்ச ஒடம்புங்கத்தே, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்…" என்று வாயெடுத்தேன்.

"எங்க மாமியா எனக்கும் இதையேதான் வெச்சா. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றீர்கள்.

உங்கள் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அம்மா, இன்னுங் கொஞ்சம் கொழம்பு" என்று கேட்டு வாங்கினாள். அந்தக் குழம்பின் வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தை நோம்பிக்கும் உங்களுக்கு இலை போட்டுச் சுடுசோறு படைக்கும்போது, என் கை பழையசோற்றுப் பானைப் பக்கம் போகும். அதிலிருந்து ஒரு பிடி பிழிந்து உங்கள் இலையில் வைத்தால் என்ன? பங்காளிகள் நிற்பார்கள், பார்ப்பார்கள் என்று விட்டுவிடுவேன். இந்த வருஷம் யார் பார்த்தாலும் சரி என்று முடிவே செய்திருந்தேன்.

சண்டைக்கு வருகிறேன். அரப்பளியின் பெண்டாட்டி நல்லம்மா வந்த மறுநாள், பானையை அவள் பக்கம் நகர்த்தினது நீங்கள்தான். அன்றுதான் காலையில் என் வாய்க்குச் சூடு கிடைத்தது. நான் குனிந்த தலை நிமிராமல் தின்றேன். அவளும் குனிந்துதான் தின்றாள். போன ஆனியில் சின்னவனுக்கு எடப்புளி நாட்டிலிருந்து செல்லாயியைக் கட்டி வந்தோம். மறுநாள் விடிவதற்காக நல்லம்மா எத்தனை வருஷமாகக் காத்திருந்தாளோ, பானையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தாள்.

செல்லாயி கொஞ்ச நாள் தின்றாள். பிறகு ஒரு காலையில் முகர்ந்து பார்த்தாள், எழுந்தாள், நேராகப் போய் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தாழியில் கொட்டினாள்.

"ஏண்டி, சோத்தையா கொட்டற?" என்றாள் நல்லம்மா.

"எங்கூட்டுல மிஞ்சுனா மாட்டுக்குத்தானுங்கக்கா. பாவம், வாயில்லாச் சீவன்."

"உனக்குத்தான் வாய் இருக்குதல்ல? தின்னு."

"வாய் உங்களுக்குந்தான் இருக்குது. நல்லா நீளமாவே இருக்குது. நீங்களும் ஒரு வாய் போடுங்க."

நல்லம்மா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒம்பது வருசம் தின்னனுங்கத்தே. புள்ளப் பெத்த ஒடம்போட தின்னேன். எனக்கு ஊத்தறப்ப பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? உங்க மாமியா போனப்பறமும் எனக்குத்தான வெச்சீங்க? இப்ப இவ கொட்டறதயும் பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாமை அறுப்புக்கு வருகிறோம் என்ற ஆட்கள் மழையைப் பார்த்து வராமல் இருந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று ஆக்கின சோறு பெரிய பானையில் அப்படியே கிடந்தது. மறுநாள் காலையில் செல்லாயி மொத்தத்தையும் தாழியில் கவிழ்த்துவிட்டாள். செவலைப் பசு ஆசையாகத் தின்றது. உச்சிவேளைக்குள் இடப்பக்கம் வயிறு முரசு மாதிரி உப்பி, கால் மடங்கிப் படுத்துவிட்டது. மிளகும் ஓமமும் அரைத்து எண்ணெயில் கலக்கி ஊற்றினோம், வாயில் குறுக்கே குச்சி கட்டினோம், எழுப்பி நடக்கவைத்தோம். பொழுது சாயும்போதுதான் காற்றுப் பிரிந்து, மாடு பிழைத்தது.

மாடு பிழைத்துவிட்டது, வீடுதான் விழப் பார்த்தது. "பசுவக் கொல்லப் பாத்தவ கையால நாங்க தண்ணி குடிக்க மாட்டோம்" என்றாள் நல்லம்மா. அரப்பளி தூணில் சாய்ந்துகொண்டு, "தனியடுப்பு வெச்சிரலாம்மா, எனக்கு இந்த ரோதன ஆகாது" என்றான். செல்லாயி சேலையை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு நடந்துவிட்டாள். சின்னவன் அவள் போன வழியைப் பார்த்தபடி நின்றான், அண்ணனோடு பேச்சில்லை.

அடுப்பு பிரிந்தால் காடு பிரியும். நீங்களும் மாமாவும் கல் அடுக்கி வயலாக்கின பள்ளத்துக்கு ஒரே ஊற்று. அந்த ஊற்றை எந்தப் பக்கம் பிரிப்பது? அதற்கு வெட்டுக்குத்து வராதா? ஒரு சட்டி பழையதுக்காக. உங்கள் மகன் முன்னாலேயே போய்விட்டார், நல்லவேளை, இதைப் பார்க்கவில்லை.

முழங்காலைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு எடப்புளி நாட்டுக்கு நடந்தேன். சம்பந்தி எனக்குச் சுடச்சுடக் களி வைத்தாள். தின்னும்போது வெட்கமாக இருந்தது. செல்லாயி கதவோரம் நின்றாள்.

"வா கண்ணு, போலாம்."

"வாரனுங்கத்தே. வந்தா பழசு யாருக்குங்க?"

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். நான் ஒருநாளும் உங்களை அப்படிக் கேட்டதில்லை. எனக்குத்தான் என்று சொல்லிவிட்டால் அவள் வந்திருப்பாள், ஊரும் என்னை மெச்சியிருக்கும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குன்னு சொல்ல மாட்டேன் சாமி. நான் தின்ன வேண்டியதத் தின்னு முடிச்சாச்சு. நல்லம்மாளும் முடிச்சாச்சு."

"அப்ப?"

"ஒரு நாளும் தின்னாதவங்க ஊட்டுல ரெண்டு பேரு இருக்கறாங்கல்ல?"

சம்பந்திக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லாயி அன்றே என்னோடு கிளம்பி வந்தாள். மறுநாள் காலையில் பானையை என் மகன்கள் இருவர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றான் அரப்பளி.

"பழசு."

"அவுங்களுக்கு?"

"அவுங்களுக்குச் சூடா. நீ தின்னு."

பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்றான். "நல்லாத்தான இருக்குது? குளுகுளுன்னு எறங்குது. இதுக்கா இத்தன சண்ட?" என்றான்.

அடுப்பின் அந்தப் பக்கம் மருமகள்கள் இருவரும் ஒரே சமயத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பச்சை விறகும் பற்றியிருக்கும். "இருடி, நாளைக்கும் இதையே சொல்றாரான்னு பாக்கறேன்" என்று நல்லம்மா செல்லாயியின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசினதை அன்றுதான் பார்க்கிறேன்.

மறுநாள் நல்ல பனி. "இன்னிக்குமா?" என்றான். அதற்கு அடுத்த நாள் பானைக்குள் கையை விட்டவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "ஏம்மா, இத்தன எதுக்கு ஆக்கறீங்க? அளவாப் போட்டா மிஞ்சாதல்ல?"

நல்லம்மா முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டாள்: "ராத்திரி யாராச்சும் வந்தா என்னங்க பண்றது?"

"வந்தா ஒரு ஒல வெச்சாப் போச்சு."

அவ்வளவுதான் அத்தை. உங்கள் மாமியார், நீங்கள், நான், நல்லம்மா என்று இத்தனை பேர் குளிரில் உட்கார்ந்து தின்ற சட்டத்தை, ஒருவன் கை மரத்துப்போன ஒரு காலையில் எடுத்துவிட்டான். மருமகள்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய்ச் செவலைப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அளவாக ஆக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அத்தை?

இப்போது ஒரே அடுப்புதான். தனியடுப்புப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நல்லம்மா மட்டும் பாத்திரம் விளக்கும்போது, "என்னோட ஒம்பது வருசத்த யாரு தருவா?" என்று பாத்திரத்தைக் கேட்கிறாள். கேட்கட்டும். நான் காதில் வாங்கிக்கொள்கிறேன். என் கணக்கைக் கேட்கவும் ஒரு காது இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காதோ என்னவோ.

நேற்று நோம்பிக்கு வீட்டைச் சாணம் போட்டு வழித்தோம். உங்களுக்காக நினைத்து வைத்திருந்த அந்த ஒரு பிடிக்காகப் பழையசோற்றுப் பானையைத் தேடினேன். செல்லாயி அதைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை.

ஆகையால் இந்த வருஷமும் உங்களுக்குச் சுடுசோறுதான். பாவாயி மனசு இளகிவிட்டாள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வீட்டில் பழையது இல்லை, அதுதான் காரணம். அவரைக்கொட்டைக் குழம்பும் வைக்கிறேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறேன், இது சத்தியம். பக்கத்தில் ஓர் இலை கூடப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாமியாரையும் கூட்டி வாருங்கள். அவருக்கு எந்தக் காலத்தில் யார் சூடாக வைத்தார்களோ. உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள்.

மிச்சம் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் பானையில் தின்று, உங்கள் அடுப்பைப் பிரியாமல் காத்து வைத்திருக்கும் மருமகள்,
பாவாயி