கப்பல் ஏறாத கடிதம்

12-3-1968, செவ்வாய். ஜங்லிகாட்.

மூன்று வாரம் கழித்து இன்றுதான் இந்தத் தீவுக்கு மெட்ராஸ் கப்பல் வந்தது. நண்பன் சேகரின் கடிதமும் வந்தது.

"மோட்டார் சைக்கிள்ல ராஜஸ்தான் பாலைவனம் போகலாம், வர்றியான்னு கேட்டேன். பதிலே காணோம். உனக்கு இஷ்டமில்ல போல. நாளைக்கு நான் மட்டும் கிளம்புறேன்டா."

பதில் போட்டிருந்தேனே! தபாலாபீசுக்கு ஓடினேன். "ஜஹாஜ் இல்லாம டாக் எப்படி சார் போகும்? உங்க லெட்டர் கப்பலுக்காக இன்னும் தபால் மூட்டையிலதான் இருக்கு" என்றார் குமாஸ்தா.

தந்தி அடித்திருக்கலாம். கப்பல் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே இருந்துவிட்டேன். லீவுகூட வாங்கி வைத்திருந்தேன்.

இந்நேரம் பின் சீட்டு காலியாக, மணலில் எங்கோ ஓட்டிக்கொண்டிருப்பான். என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை.

'கட்டாயம் வருகிறேன், எனக்காகக் காத்திரு' என்ற என் கடிதம் நாளை இதே கப்பலில் போகிறது.